ஒரு ராத்தல் தானியம்... ஆயிரம் ரூபாய்!

ஈ.சி.ஆரில் பாண்டிச்சேரிக்குக் காரை விரட்டிக்கொண்டு போகிறவர்கள், மரக்காணம் நெருங்கும்போது மட்டும் கொஞ்சம் வேகத்தைக் குறைப்பார்கள். பாத்தி பாத்தியாகத் தேங்கி நிற்கும் கடல் தண்ணீர், நடுநடுவே வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரம். செல்போனில் நாலு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இன்னும் கொஞ்ச தூரம் தெற்கே போனால் வரும் கூனிமேட்டில் யாரும் வண்டியை நிறுத்துவதாகத் தெரியவில்லை.

ஆனால், ஒரு காலத்தில் கப்பல்களையே நிறுத்திய ஊர் அது! 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே பண்டகசாலை போட்டிருந்தது. வெள்ளைக்காரன் வாயில் 'கூனிமேடு' நுழையவில்லை. 'கானிமியர்' என்று எழுதிவைத்தான். 1690-இல் கடலூருக்குப் பக்கத்தில் செயின்ட் டேவிட் கோட்டை கைக்கு வந்ததும், இந்த ஊர் அவனுக்கு வேண்டாததாகிவிட்டது. கம்பெனி போனது. உப்பும் வெயிலும் அதே இடத்தில்தான் இருக்கின்றன.

உப்பு வாருகிறவர்களுக்கு மாதச் சம்பளம், பி.எஃப்., லீவு எதுவும் கிடையாது. வாருபலகையைப் பிடித்த அன்றைக்குக் கூலி உண்டு, பிடிக்காத அன்றைக்கு இல்லை. அப்படிப்பட்டவர்களை வீட்டோடு இருக்கச் சொல்லி அரசாங்கமே உத்தரவு போட்டால்?

போட்டது. 2020 மார்ச் 24, இரவு 8 மணிக்கு டி.வி-யில் வந்த பிரதமர், நள்ளிரவு முதல் நாடு முழுக்க ஊரடங்கு என்றார். இடையில் இருந்தது நாலே மணி நேரம். உப்புக்காரர்களுக்குப் பங்குனி, சித்திரைதான் அறுவடைக் காலம் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே நாளில் தமிழகச் சட்டசபையில் முதல்வர் எடப்பாடி பழனிசாமி 3,280 கோடி ரூபாய் நிவாரணத்தை அறிவித்திருந்தார். அரிசி ரேஷன் கார்டு வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1,000 ரூபாய் ரொக்கம், கூடவே இலவசமாக அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை. டோக்கன் கொடுத்து, ரேஷன் கடைகள் வழியே பணம் போனது.

பிரிட்டனில் அப்போது வேலை நின்று வீட்டில் இருந்த ஊழியர்களின் சம்பளத்தில் 80 சதவிகிதத்தை, மாதம் 2,500 பவுண்டு வரை, அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் ஆளுக்கு 1,200 டாலர். நம் ஆயிரம் ரூபாயை அதோடு ஒப்பிட்டுச் சிரிக்கலாம்தான். நூறு நாள் வேலைக்கு அப்போது தமிழ்நாட்டில் நிர்ணயித்திருந்த கூலி 256 ரூபாய். அந்தக் கணக்கில் ஆயிரம் என்பது நாலு நாள் கூலி!

ஆனால் ஒரு விஷயம். சம்பளத்தில் 80 சதவிகிதம் தரவேண்டுமென்றால், சம்பளச் சீட்டு என்று ஒன்று இருக்க வேண்டுமே? உப்பளத்தில் அதற்கு எங்கே போவது? அங்கே இருந்த ஒரே ஆவணம் ரேஷன் கார்டு. பணக்காரர், ஏழை என்று அதிகம் வடிகட்டாமல் அரிசி கார்டு கொடுத்த மாநிலம் என்பதால்தான், ஏறக்குறைய 2 கோடி குடும்பங்களை ஓர் உத்தரவில் தொட முடிந்தது. தொகை சின்னது, வழி பெரியது என்பது என் கட்சி.

ஊரடங்குக்குத் துணைக்கு வந்த சட்டங்களில் ஒன்று, 1897-ஆம் வருஷத்துத் தொற்றுநோய்ச் சட்டம். பம்பாயில் பிளேக் வந்தபோது அவசர அவசரமாக எழுதியது. மொத்தமே நாலு பிரிவுகள். கட்டளை போட அதிகாரம் உண்டு, மீறினால் தண்டனை உண்டு, அதிகாரிகளுக்குப் பாதுகாப்பு உண்டு. வேலை இழந்தவன் சாப்பாட்டுக்கு? செலவைப் பற்றிச் சொல்கிற இடத்தில், 'இழப்பீடு ஏதும் இருந்தால்' என்று ஒரு சின்ன அடைப்புக்குறி. அவ்வளவுதான்!

அதற்கும் 20 வருஷம் முன்னால் போனால் கதை இன்னும் கொடூரம். 1876-78 தாது வருஷப் பஞ்சம். ஒருபக்கம் பட்டினி, மறுபக்கம் காலரா. சென்னை மாகாணம் செத்துக்கொண்டிருந்தபோது, 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் தர்பார் நடத்தி விக்டோரியாவை இந்தியப் பேரரசியாக அறிவித்தார் வைஸ்ராய் லிட்டன். நிவாரணச் செலவைக் கண்காணிக்க அவர் தெற்கே அனுப்பிய ஆள், சர் ரிச்சர்ட் டெம்பிள்.

டெம்பிளுக்கு ஒரு பழைய காயம் இருந்தது. 1874-இல் பீகார் பஞ்சத்தின்போது பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக அரிசி வரவழைத்து, சாவு பெருகாமல் தடுத்தவர் இதே மனிதர்தான். பாராட்டினார்களா? 'ஊதாரி' என்று வறுத்தெடுத்துவிட்டார்கள். அந்தச் சூடு ஆறாமல்தான் மதராஸில் வந்து இறங்கினார். நாள் முழுக்க மண் சுமக்கிற ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். அதாவது சுமார் 450 கிராம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இன்னும் குறைவு. சரித்திரத்தில் இதற்கு 'டெம்பிள் கூலி' என்றே பெயர்.

எதிர்த்தவரும் வெள்ளைக்காரர்தான். மதராஸ் சுகாதார கமிஷனர் டாக்டர் கார்னிஷ். 'உழைக்கிற உடம்புக்கு ஒன்றரை ராத்தல் தானியமாவது வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும்' என்று பிடிவாதமாக வாதாடினார். கடைசியில் மார்ச் மாதம் அளவு ஒன்றேகால் ராத்தலானது, கொஞ்சம் பருப்பும் சேர்ந்தது. பேரம் பேசியது கால் ராத்தலுக்கு! பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் மட்டும் செத்தவர்கள் 55 லட்சம் பேர் என்பது ஒரு மதிப்பீடு.

அந்தப் பஞ்சக் கூலிகள் வெட்டியதுதான், சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி. அப்போதைய கவர்னரின் பெயர் அது. அந்தக் கால்வாயின் தெற்கு முனை எது தெரியுமா? மரக்காணம்! உப்பு மூட்டைகள் படகேறிப் போன நீர்வழி அது.

1918-இல் விஷக்காய்ச்சல் வந்தது. இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேல் சாவு. உலகப்போரால் அரிசி விலை ஏறிக்கிடந்த அந்த வருஷம், செப்டம்பரில் சென்னையில் தானியக் கடைகளையே கூட்டம் சூறையாடியது. அரசாங்கம் போலீஸை அனுப்பியது. கையில் காசு கொடுக்கிற யோசனை யாருக்கும் வரவில்லை.

2021-இல் இரண்டாவது அலை. மே 7 அன்று பதவியேற்ற மு.க.ஸ்டாலின் போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று, கார்டுக்கு 4,000 ரூபாய். இரண்டு தவணையாக. முதல் தவணைக்கு மட்டும் 2.07 கோடி குடும்பங்களுக்கு 4,153 கோடி ரூபாய். மறுபடியும் அதே ரேஷன் கடை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையிலேயே ஏறி, விழுப்புரம் மாவட்டத்தை வெள்ளக்காடாக்கியபோதும் 2,000 ரூபாய் அதே வழியில்தான் வந்தது.

சரி, உப்புக்காரர்களுக்கு வருவோம். ஊருக்கெல்லாம் ஊரடங்கு எப்போதோ ஒருமுறை. உப்பளத்துக்கு வருஷா வருஷம்! ஐப்பசி மழை பிடித்ததும் பாத்தி கரைந்துவிடும். பிறகு தை வரை வேலையில்லை. மீன்பிடித் தடைக்காலத்துக்கு மீனவர்களுக்கு நிவாரணம் இருந்தது. மழைக்காலத்துக்கு உப்புக்காரர்களுக்கு இல்லை. 2022-இல்தான் அது வந்தது. உற்பத்தி நிற்கிற அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்துக்கு, குடும்பத்துக்கு 5,000 ரூபாய். தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் 'நெய்தல்' உப்பும் அதே சமயத்தில்தான் கடைக்கு வந்தது.

வரவேற்க வேண்டிய விஷயம்தான், சந்தேகமில்லை. கணக்கையும் போட்டுவிடலாம். 92 நாளுக்கு 5,000 என்றால் நாளைக்கு 54 ரூபாய், ஒரு முழுக் குடும்பத்துக்கு. மீனவர்களின் 61 நாள் தடைக்கால நிவாரணத்தை 2023-இல் அறிவித்து 5,000-லிருந்து 8,000 ஆக்கினார்கள். அது நாளைக்கு 131 ரூபாய். இரண்டு தொழிலும் ஒரே கடற்கரையில்தான் நடக்கின்றன.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கொரோனா பணம் ரேஷன் கார்டைக் காட்டியதும் கிடைத்தது. இந்த 5,000-க்கு, 'நான் உப்பளத் தொழிலாளி' என்று நிரூபிக்க வேண்டும். உடலுழைப்புத் தொழிலாளர் நலவாரியம் இருக்கிறது, அட்டை இருக்கிறது. ஆனால் பதிவு செய்ய வேண்டும், அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். இன்றைக்கு ஒரு குத்தகைதாரரிடமும் நாளைக்கு இன்னொருவரிடமும் கூலிக்குப் போகிற பெண்ணுக்கு, இவர் எங்கள் அளத்தில்தான் வேலை பார்க்கிறார் என்று எழுதிக் கொடுக்க ஒரு முதலாளி முன்வர வேண்டும். எழுதிக் கொடுத்தால் நாளைக்கு பி.எஃப்., போனஸ் என்று வேறு எதையாவது கேட்பார்களோ என்று யோசிக்காத முதலாளியாக அவர் இருக்க வேண்டும்.