வாத்தியார் கத்தியும் பாரசீக இளவரசன் கத்தியும்

மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கச் செயலாளர் போன் செய்தார். "கவிதை மட்டும் வேண்டாம்ப்பா, ஏற்கெனவே பதினேழு வந்துடுச்சு. வரலாறு மாதிரி ஏதாவது எழுது" என்றார். சரி, வரலாறே எழுதுகிறேன். ஆனால் இது சோழர் வரலாறு அல்ல, கல்வராயன் மலை ஜாகீர்தார்கள் வரலாறும் அல்ல. 1993 முதல் 1996 வரை நம் கல்லூரி கம்ப்யூட்டர் லேப்பில், சார் டீ குடிக்கப் போன நேரங்களில், நாம் ஆடிய கத்திச் சண்டையின் வரலாறு. அதில் ஒரு தப்பு முப்பது வருஷமாகத் திருத்தப்படாமல் கிடக்கிறது. அதையும் இந்த மலரிலேயே திருத்திவிடலாம் என்று இருக்கிறேன்.

முதலில் எங்கள் ஊரிலிருந்து தொடங்குகிறேன். நான் பிறந்தபோது சின்னசேலம் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993-ல் விழுப்புரம் மாவட்டம் ஆனது, 2019-ல் கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆனது. ஊர் நகரவில்லை, மனுவில் எழுதும் மாவட்டத்தின் பெயர்தான் நகர்ந்துகொண்டே இருந்தது. சேலத்துக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவே ஓடும் மீட்டர் கேஜ் ரயில், மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரிகள், ஜவ்வரிசி ஆலை, இவற்றோடு டூரிங் டாக்கீஸ். மணலைக் குவித்து மேடாக்கி அதன் மேல் உட்கார்ந்து பழைய எம்.ஜி.ஆர். படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கத்திச் சண்டை என்றால் எது நல்ல சண்டை, எது ஒப்பேற்றும் சண்டை என்று ஆறாம் வகுப்பு முடிப்பதற்குள் எங்களுக்குத் தெரியும். வாத்தியார் ஒரே வீச்சில் பத்து பேரைச் சாய்ப்பார், அதற்கு விசில் அடிப்போம். ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது நம்பியாரோடு மோதும்போதுதான். ஏனென்றால் அங்கே எதிராளிக்கும் கத்தி பிடிக்கத் தெரியும். இவர் வெட்டினால் அவர் தடுப்பார், அவர் வெட்டினால் இவர் தடுப்பார். அந்த 'டங்' சத்தம்தான் சண்டை.

இந்த அளவுகோலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

லேப்புக்கு முன்பே டிவி கேம் வந்துவிட்டது. ஜப்பானில் நின்டென்டோ கம்பெனி 1983-ல் விட்ட 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' பெட்டியின் நகல்கள் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் 'சாமுராய்' போன்ற பெயர்களில் நம் பக்கம் விற்றன. சொந்தமாக வாங்க யாரிடம் காசு இருந்தது? மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு ஆடவிடும் கடைகள்தான் கதி. கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கில் கேம் என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது முப்பதோ நாற்பதோ, மீதியெல்லாம் அதே கேம் வேறு பெயரில். அந்தக் கூட்டத்தில் கத்தி ஆட்டங்களும் உண்டு. டைட்டோ கம்பெனி 1985-ல் செய்த 'லெஜண்ட் ஆஃப் காகே'யில் நிஞ்சா ஒருவன் காட்டு மரங்களின் உச்சிக்கே தாவுவான், பறந்து வரும் நட்சத்திர ஆயுதங்களைக் கத்தியால் தட்டிவிடுவான். 1988-ல் டெக்மோ விட்ட நிஞ்சா ஆட்டம், அமெரிக்காவில் 'நிஞ்சா கெய்டன்' என்று பெயர் மாற்றி விற்றது, இன்னும் பெரிய சமாச்சாரம். ஸ்டேஜுக்கு நடுவே சினிமா மாதிரி படம் படமாகக் கதை ஓடும். எங்களுக்குக் கிடைத்ததோ ஜப்பானிய எழுத்து. கதையை நாங்களே இட்டுக்கட்டிக்கொண்டோம், அப்பனைக் கொன்றவனைப் பழிவாங்கும் கதைதான் என்று. பல வருஷம் கழித்துப் படித்துப் பார்த்தால், சண்டையில் அப்பா செத்துவிட்டார் என்று நினைத்து மகன் பழிவாங்கக் கிளம்புவதுதான் ஆரம்பம். பரவாயில்லை, கிட்டத்தட்ட பிடித்திருக்கிறோம்.

அந்த ஆட்டத்தைப் பற்றி என் தீர்ப்பு இன்றும் மாறவில்லை. வேகத்தில் அதை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் அதில் இருப்பது கத்திச் சண்டை இல்லை. கத்தி என்பது எதிரே வருவதை அழிக்கும் ரப்பர், அவ்வளவே. எதிரி கத்தியால் தடுக்க மாட்டான், பட்டால் மறைந்துவிடுவான். பள்ளத்தைத் தாண்டும் நேரம் பார்த்து ஒரு பறவை வந்து மோதும், பின்னால் தள்ளும், ஆள் காலி. கடைசி எதிரிகளிடம் தோற்றால் ஆறாவது கட்டத்தின் ஆரம்பத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். காசு கொடுத்து ஆடுகிறவன் வயிறு எரியும். டைட்டோவின் 'ரஸ்டான்' (1987), கேப்காமின் 'ஸ்ட்ரைடர்' (1989) இவற்றையெல்லாம் பின்னாளில்தான் ஆடிப் பார்த்தேன். ஸ்ட்ரைடரின் கத்தி அரைவட்ட ஒளியாக வீசுவது கண்ணுக்கு விருந்து. ஆனாலும் வாத்தியார் பத்து பேரைச் சாய்க்கும் ரகம்தான், நம்பியார் இல்லை.

நம்பியார் வந்தது 1993-ல், ஒரு ஃப்ளாப்பியில்.

யார் கொண்டு வந்தது என்பதில் இன்றுவரை தகராறு உண்டு, அதற்குள் போக வேண்டாம். கருப்பு வெள்ளை மானிட்டர். 'பிரின்ஸ்' என்று டைப் அடித்து என்டர் தட்டினால், சிறைக்குள் வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் வந்து விழுவான். கையில் கத்தி கிடையாது! முதல் காவலனிடம் வெறுங்கையோடு போனால் ஒரே குத்து. கீழே இறங்கித் தேடினால்தான் கத்தி கிடைக்கும். ஸ்கோர் கிடையாது, மொத்தம் 60 நிமிடம் மட்டும் உண்டு. செத்தால் ஸ்டேஜின் ஆரம்பத்திலிருந்து மறுபடி ஆடலாம், ஆனால் போன நிமிடம் போனதுதான். அவன் ஓடினால் நிஜ மனுஷன் ஓடுவது மாதிரியே இருக்கும். நிறுத்தினால் உடனே நிற்க மாட்டான், ஓர் அடி சறுக்கித்தான் நிற்பான். முதல் நாள் நாம் எல்லோரும் "கீபோர்டு ரிப்பேர்" என்றோம். கீபோர்டு சரியாகத்தான் இருந்தது, அந்த உடம்புக்கு எடை இருந்தது.

சண்டைதான் விசேஷம். ஷிப்ட் அழுத்தினால் வெட்டு, மேல் அம்பு அழுத்தினால் தடுப்பு. தடுத்த அடுத்த கணம் திருப்பி வெட்ட வேண்டும், அதை அவன் தடுப்பான், 'டங்', 'டங்'. பின்னால் ஒதுங்கிப் போகலாம், அவன் மேலே வருவான். ஒவ்வொரு காவலனுக்கும் ஒவ்வொரு பழக்கம். மூன்றாம் ஸ்டேஜ் எலும்புக்கூட்டை எத்தனை தரம் வெட்டினாலும் சாகாது, பள்ளத்தில் தள்ளத்தான் வேண்டும். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் முதல் சண்டையைப் பார்த்ததும் சொன்னான்: "டேய், இது வாத்தியார் படம்டா."

அவன் சொன்னது எவ்வளவு சரி என்று எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. இந்த ஆட்டத்தைச் செய்தவர் ஜோர்டான் மெக்னர் என்ற அமெரிக்கர். 1964-ல் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே 1984-ல் 'கராத்தேகா' என்ற ஆட்டத்தை வெளியிட்டவர். 1985-ல் தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடுப்பு மாட்டிவிட்டு, கார் நிறுத்துமிடம் ஒன்றில் ஓடவும் தாவவும் தொங்கவும் சொல்லி வீடியோ எடுத்தார். அதை டிவியில் நிறுத்தி நிறுத்திப் போட்டு, கேமராவால் படம் பிடித்து, கழுவி, கோடு வரைந்து, ஒவ்வொரு அசைவாகக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். ஆக, லேப்பில் நாம் ஆட்டிவைத்த அந்த உடம்பு தம்பியுடையது. இசை அப்பா பிரான்சிஸ் மெக்னர் போட்டது. குடும்பத் தொழில் மாதிரிதான். ஆப்பிள் கம்ப்யூட்டரில் 1989-ல் பிராடர்பண்ட் கம்பெனி வெளியிட்டபோது அந்த ரக கம்ப்யூட்டருக்கே மவுசு போயிருந்தது, முதலில் சரியாக விற்கவில்லை. 1990-ல் டாஸ் கம்ப்யூட்டருக்கு வந்தது. அந்தப் பதிப்பின் நகலின் நகலின் நகல்தான் நம்முடையது.

கத்திச் சண்டைக்கு மட்டும் தம்பி போதவில்லை, அவனுக்கு வாள் வீசத் தெரியாது. மெக்னர் 1938-ல் வந்த 'ராபின் ஹூட்' படத்தின் கடைசிச் சண்டையை எடுத்தார். எரால் ஃப்ளின்னும் பேசில் ரத்போனும் மோதுவது. அதில் இருவரும் பக்கவாட்டில் முழுசாகத் தெரிவது சில விநாடிகள்தான். அந்தச் சில விநாடிகளிலிருந்துதான் இளவரசனின் வெட்டும் தடுப்பும் வந்தன. இப்போது நம் பக்கம் வாருங்கள். 1951-ல் ஜூபிடர் பிக்சர்ஸ் எடுத்த 'மர்மயோகி'யில் எம்.ஜி.ஆர். கரிகாலனாக வருவாரே, அது ராபின் ஹூட் கதையின் சாயலில் அமைந்த பாத்திரம். இருப்பவனிடம் பறித்து இல்லாதவனுக்குக் கொடுக்கும் வீரன். ஒரே ஆற்றிலிருந்து ஒரு வாய்க்கால் டூரிங் டாக்கீஸுக்கும், இன்னொன்று கலிபோர்னியா வழியாகச் சுற்றிக்கொண்டு நம் லேப்புக்கும் வந்திருக்கிறது. அதனால்தான் சின்னசேலத்துப் பையன் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொல்லிவிட்டான்.

இந்த இடத்தில் அலாவுதீன் ஆட்டத்தையும் சொல்லியாக வேண்டும். நம் கடைசி வருஷத்தில் லேப்பில் கலர் மானிட்டர் வந்ததும் எல்லோரும் அதற்குப் பாய்ந்தார்கள். டிஸ்னி படத்தை வைத்து 1993-ல் இரண்டு கம்பெனிகள் இரண்டு ஆட்டம் செய்தன. சேகாவுக்கு வந்ததில் அலாவுதீன் கையில் கத்தி உண்டு, நின்டென்டோவுக்குக் கேப்காம் செய்ததில் கிடையாது, தாவல் மட்டும்தான். லேப்புக்கு வந்தது கத்தி வகை. பின்னவரைச் செய்த ஷின்ஜி மிகாமியே, தானே செய்யாமல் இருந்திருந்தால் மற்றதைத்தான் வாங்கியிருப்பேன், தனக்கும் கத்தி வைக்க ஆசை என்று பிற்பாடு பேட்டியில் சொன்னார். பெருந்தன்மை. ஆனால் என் கணக்கில் அலாவுதீன் கத்தியும் அலங்காரக் கத்திதான். படம் அழகு, சண்டை விளையாட்டுத்தனம்.

இனி அந்தத் தப்புக்கு வருகிறேன்.

பிரின்ஸ் ஆட்டத்தில் ஆரம்ப ஸ்டேஜைத் தாண்டியதும் ஓர் அறை வரும். எழுத்துகள் போட்ட குடுவைகள் வரிசையாக இருக்கும். புத்தகத்தின் இன்ன பக்கத்தில் இன்ன வரியில் இன்ன சொல்லின் முதல் எழுத்து எதுவோ அந்தக் குடுவையைக் குடி என்று கேட்கும். காசு கொடுத்து வாங்கியவனிடம் புத்தகம் இருக்கும், நம்மிடம் ஏது? தப்பான குடுவை பாதி உயிரை எடுக்கும், இரண்டாவது தப்பில் ஆள் காலி. பல வாரம் நம் பேட்ச் அந்த அறையிலேயே செத்துக்கொண்டிருந்தது.

நம் வகுப்பில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வந்த நண்பன் ஒருவன் இருந்தான். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வான். கம்ப்யூட்டரைக் கல்லூரியில்தான் முதன்முதலில் பார்த்தவன். நாங்கள் அவனைக் கீபோர்டு பக்கம் விட்டதே இல்லை. "நீ ஸ்லோடா, டைம் வேஸ்ட் ஆயிடும்" என்போம். அவன் பின்னால் நின்று பார்ப்பான், நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதிக்கொள்வான். எந்தப் பக்கம், எந்த வரி, எந்தச் சொல் என்று கேட்டபோது எந்த எழுத்து சரியாக வந்தது, எது தப்பு என்று. ஒருநாள் அறை வந்ததும் பின்னாலிருந்து அமைதியாக ஓர் எழுத்தைச் சொன்னான். கதவு திறந்தது. அன்றிலிருந்து அந்த அறை எங்களுக்குத் தொல்லை இல்லை. அவனுக்கு ஒரு கை ஆடக் கொடுத்தோமா என்றால், இல்லை.

பன்னிரண்டாம் ஸ்டேஜில் இளவரசனின் நிழலே கத்தியோடு எதிரில் வந்து நிற்கும். அந்த நிழலே பஞ்சத்தில் பிறந்ததுதான். புது எதிரி வரைய கம்ப்யூட்டரில் இடமில்லை என்பதால், இளவரசனின் படத்தையே கொஞ்சம் நகர்த்திக் கலைத்துப் போட்டார் மெக்னர். நாங்கள் நிழலை வெட்டு வெட்டென்று வெட்டினோம். ஒவ்வொரு தடவையும் நாங்களே செத்தோம். நிழல் ரொம்பத் திறமைசாலி என்று தீர்ப்பும் சொன்னோம். ஒரு சனிக்கிழமை, ஆள் குறைவாக இருந்ததால் அவனுக்குக் கீபோர்டு கிடைத்தது. நிழல் இறங்கியது. "வெட்டுடா, வெட்டுடா" என்று கத்தினோம். அவன் கீழ் அம்பை அழுத்திக் கத்தியை உறையில் போட்டான். நிழலும் உறையில் போட்டது. இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று ஓடி ஒன்றாகிவிட்டன. "அதுக்கு அடி விழும்போதெல்லாம் நமக்கும் ஒரு உயிர் குறையுதே, பாக்கலையா நீங்க?" என்றான். நாங்கள் பார்க்கவில்லை, வெட்டிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் வெறும் பள்ளத்தின் மேல் ஓடினான், காலடியில் கல் முளைத்தது. கொஞ்ச நேரத்தில் லேப் மூட ஆள் வந்துவிட்டார். பன்னிரண்டாம் ஸ்டேஜை முன்பே சேவ் செய்து வைத்திருந்தான். திங்கட்கிழமை ஊரில் திருவிழா, அவன் வரவில்லை. நான் அவன் சேவ் செய்ததைத் திறந்தேன். அவன் செய்தபடியே கத்தியை உறையில் போட்டேன், பள்ளத்தின் மேல் ஓடினேன், ஜாபரைக் கொன்றேன், இளவரசி வந்து கட்டிக்கொண்டாள். வகுப்பே சுற்றி நின்று கைதட்டியது. யாருடைய சேவ் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போன சந்திப்பிலும் மேடையில் "நம் பேட்சில் முதன்முதலில் பிரின்ஸ் முடித்தவர்" என்று என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன்.

மெக்னர் தன் மூல நிரல் தொலைந்துபோனது என்றே நினைத்திருந்தார். 2012-ல் அவருடைய அப்பா வீட்டு அலமாரியில் பழைய ஃப்ளாப்பிகள் அகப்பட்டன. அதே வருஷம் அதை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டுவிட்டார். 2024-ல் வந்த புதிய இளவரசன் ஆட்டமும் பழையபடி பக்கவாட்டில் ஓடுவதுதான், அதிலும் தடுத்து வெட்டுவதுதான் உயிர். என் மகன் ஆடும்போது 'டங்' சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து எழுந்து வந்துவிட்டேன்.

இந்தக் கட்டுரையை எழுதும் முன் வெள்ளிமலைக்காரனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தான். "அது எனக்கு அப்பவே தெரியும்டா. ஃபைல் தேதி மாறியிருந்துச்சே" என்றான். பிறகு, "அந்த நோட்டு எங்க? அதுக்கப்புறம் காணவே இல்லையே" என்று கேட்டான்.

என்னிடம்தான் இருக்கிறது. சந்திப்பு நாளன்று எடுத்து வருகிறேன்.