த மீட்டர்ஸ்

த மீட்டர்ஸ் என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் லூசியானா மாநிலத்தில் உள்ள நியூ ஓர்லியன்ஸ் நகரில் 1965 ஆம் ஆண்டில் தோன்றிய ஃபங்க் இசைக்குழு ஆகும். ஆர்ட் நெவில் (ஆர்கன், குரல்), லியோ நோசென்டெல்லி (கிதார்), ஜார்ஜ் போர்ட்டர் ஜூனியர் (பேஸ் கிதார்), ஜோசப் "சிகபூ" மொடலிஸ்ட் (டிரம்ஸ்) ஆகிய நால்வரும் இதன் மூல உறுப்பினர்கள் ஆவர். 1969 ஆம் ஆண்டில் வெளிவந்த இவர்களது முதல் இசைத்தொகுப்பின் பெயரும் "த மீட்டர்ஸ்" என்பதே. ஜேம்ஸ் பிரவுன், ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் ஆகியோருடன் ஃபங்க் இசைக்கு வடிவம் தந்தவர்களுள் இக்குழுவினரும் அடங்குவர். எனினும் இவர்களது எந்தப் பதிவும் பில்போர்டு ஹாட் 100 பட்டியலின் முதல் இருபது இடங்களுக்குள் வந்ததில்லை. பிற கலைஞர்கள் பலரின் வெற்றிப் பாடல்களுக்குப் பின்னணியில் இசைத்தவர்கள் என்ற அளவிலேயே நெடுங்காலம் அறியப்பட்டனர்.

தோற்றம்

ஆர்ட் நெவில் (1937–2019) தம் இளமைக் காலத்திலேயே நியூ ஓர்லியன்ஸ் நகரில் அறிமுகமான இசைக்கலைஞர். 1954 இல் த ஹாக்கெட்ஸ் என்னும் குழுவுடன் அவர் பாடிய "மார்டி கிரா மாம்போ" என்னும் பாடல், அந்நகரின் மார்டி கிரா திருவிழாக் காலத்தில் ஆண்டுதோறும் ஒலிக்கும் பாடல்களுள் ஒன்றாயிற்று. 1960களின் நடுப்பகுதியில் அவர் "நெவில் சவுண்ட்ஸ்" என்னும் பெயரில் ஒரு குழுவை அமைத்தார். அவரது தம்பியர் ஆரன், சிரில் ஆகியோரும் அதில் பாடி வந்தனர்.

பின்னர் இக்குழுவுக்கு நகரின் பழம்பகுதியான பிரெஞ்சு குவார்ட்டரில், போர்பன் தெருவில் இருந்த ஐவன்ஹோ என்னும் இரவு விடுதியில் வாசிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அவ்விடுதியின் மேடை சிறியது; நால்வருக்கு மட்டுமே இடம் இருந்தது. ஆகவே பாடகர்கள் விலக, நான்கு கருவிக் கலைஞர்கள் எஞ்சினர். பாடலின்றிக் கருவியிசையாலேயே கூட்டத்தை ஆடவைக்க வேண்டிய இத்தேவை, பின்னாளில் இவர்களது இசைப்பாணியைத் தீர்மானித்தது எனலாம். போர்ட்டரும் மொடலிஸ்ட்டும் உறவினர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

இசையமைப்பாளர் ஆலன் டூசான்ட், அவரது வணிகப் பங்காளர் மார்ஷல் சீஹார்ன் ஆகிய இருவரும் நடத்திய சான்சு நிறுவனம் இந்நால்வரையும் தனது பதிவுகளுக்கு வாசிக்கும் நிலையக் குழுவாக அமர்த்திக் கொண்டது. அதனைத் தொடர்ந்து அவர்கள் மீட்டர்ஸ் என்னும் பெயரில் தமது சொந்தப் பதிவுகளையும் வெளியிடத் தொடங்கினர்.

முதல் இசைத்தொகுப்பு

"த மீட்டர்ஸ்" இசைத்தொகுப்பை 1969 ஆம் ஆண்டு மே மாதத்தில் நியூயார்க்கைச் சேர்ந்த ஜோசி நிறுவனம் வெளியிட்டது. இதில் இடம்பெற்ற பன்னிரண்டு இசைத்துண்டுகள் வருமாறு:

1. சிஸ்ஸி ஸ்ட்ரட்
2. ஹியர் கம்ஸ் த மீட்டர் மேன்
3. கார்டோவா
4. லைவ் வயர்
5. ஆர்ட்
6. சொஃபிஸ்டிகேட்டட் சிஸ்ஸி
7. ஈஸ் பேக்
8. 6வி6 எல்ஏ
9. சீஹார்ன்ஸ் ஃபார்ம்ஸ்
10. ஆன்
11. ஸ்டார்மி
12. சிங் எ சிம்பிள் சாங்

இவற்றுள் "ஸ்டார்மி" கிளாசிக்ஸ் ஃபோர் குழுவின் பாடல். "சிங் எ சிம்பிள் சாங்" ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் குழுவின் பாடல். தொகுப்பு ஏறத்தாழ முழுவதும் கருவியிசையாகவே அமைந்தது. இதிலிருந்து தனிப்பதிவாக வெளியான "சொஃபிஸ்டிகேட்டட் சிஸ்ஸி" பில்போர்டின் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் 7 ஆவது இடத்தையும், "சிஸ்ஸி ஸ்ட்ரட்" அதே பட்டியலில் 4 ஆவது இடத்தையும் ஹாட் 100 பட்டியலில் 23 ஆவது இடத்தையும் பெற்றன. "சிஸ்ஸி ஸ்ட்ரட்" 2011 இல் கிராமி புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டது.

இசைப்பாணி

நியூ ஓர்லியன்ஸ் நகரில் இறுதி ஊர்வலங்களிலும் பிற ஊர்வலங்களிலும் பித்தளைக் கருவிக் குழுக்கள் முன்செல்வது வழக்கம். அக்குழுவும் ஊர்வலத்துக்கு உரியவர்களும் முதல் வரிசை. கைக்குட்டையும் குடையும் ஏந்தி ஆடியவாறு பின்தொடரும் பொதுமக்கள் இரண்டாம் வரிசை. அவர்களது நடைக்கேற்ப வளர்ந்த துள்ளல் தாளமும் "இரண்டாம் வரிசை" என்றே வழங்கப்படுகிறது. தெருவில் பலர் சேர்ந்து பல முரசுகளில் எழுப்பிய இத்தாளத்தை மொடலிஸ்ட் தனியொருவராக ஒரே டிரம்ஸ் தொகுதியில் கொண்டுவந்தார். எதிர்பார்க்கும் இடத்தில் அடிக்காமல் சற்று முன்னோ பின்னோ ஸ்நேர் முரசில் அடிப்பது அவரது தனித்தன்மை ஆகும்.

"சிஸ்ஸி ஸ்ட்ரட்" இசைத்துண்டில் கிதாரும் பேஸ் கிதாரும் ஒரே சொற்றொடரை இணைந்து வாசிக்கின்றன. ஆர்கன் அதன்மேல் மெல்லிய திரையாகப் படர்கிறது. ஒவ்வொரு சொற்றொடருக்கும் இடையே விடப்படும் வெற்றிடத்தை டிரம்ஸ் நிரப்புகிறது. நால்வரில் எவரும் நீண்ட தனி ஆவர்த்தனம் செய்வதில்லை. வாசிக்காமல் விடும் இடமும் தாளத்தின் பகுதியே என்பதை இத்தொகுப்பு தெளிவாகக் காட்டியது. ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் பலர் சேர்ந்து உண்டாக்கிய விசையை இவர்கள் நான்கு கருவிகளைக் கொண்டே உண்டாக்கினர்.

பிற்காலப் பதிவுகள்

ஜோசி நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் செயலிழந்த பின்னர், குழு வார்னர் பிரதர்ஸ் குழுமத்தின் ரிப்ரைஸ் நிறுவனத்துக்கு மாறியது. அங்கு வெளியான தொகுப்புகளில் குரலிசைக்கும் முதன்மை தரப்பட்டது. 1974 இல் வெளிவந்த "ரிஜூவனேஷன்" இக்காலத்தின் சிறந்த தொகுப்பாகக் கருதப்படுகிறது. 1975 இல் சிரில் நெவில் குழுவில் இணைந்தார்.

இதே காலத்தில் லீ டோர்சியின் "யெஸ் வி கேன்" (1970), டாக்டர் ஜானின் "இன் த ரைட் பிளேஸ்" (1973), ராபர்ட் பாமரின் "ஸ்னீக்கின் சாலி த்ரூ தி ஆலி" (1974) ஆகிய தொகுப்புகளில் இவர்கள் வாசித்தனர். 1975 மார்ச்சில் பால் மெக்கார்ட்னி கலிபோர்னியாவில் நிறுத்தப்பட்டிருந்த குயீன் மேரி கப்பலில் அளித்த விருந்தில் இக்குழு இசைத்தது. அதன் பின்னர் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 1975 அமெரிக்கச் சுற்றுப்பயணத்திலும் 1976 ஐரோப்பியச் சுற்றுப்பயணத்திலும் தொடக்க நிகழ்ச்சி வழங்கும் வாய்ப்பு இவர்களுக்குக் கிடைத்தது.

1976 இல் நெவில் சகோதரர்களின் தாய்மாமன் ஜார்ஜ் லாண்ட்ரி தலைமையில் "த வைல்ட் சாப்பிட்டூலஸ்" என்னும் தொகுப்பு வெளியானது. மார்டி கிரா நாளில் இறகும் மணியும் கோத்த உடையணிந்து வலம்வரும் கறுப்பினக் குழுக்களின் பாடல்கள் அதில் இடம்பெற்றன. மீட்டர்ஸ் குழுவினர் அதற்குப் பின்னணி இசைத்தனர். நெவில் சகோதரர்கள் நால்வரும் ஒன்றுசேர்ந்த இம்முயற்சியே பின்னர் நெவில் பிரதர்ஸ் குழு உருவாக வழிவகுத்தது.

பிரிவும் மீளிணைவும்

குழுவின் பெயர், பாடல்களின் உரிமை, வருவாய்ப் பங்கு ஆகியன குறித்த பிணக்குகள் வலுத்த நிலையில், 1977 இல் குழு கலைந்தது. ஆர்ட், சிரில் இருவரும் நெவில் பிரதர்ஸ் குழுவில் தொடர்ந்தனர். 1989 இல் மீண்டும் இணைந்தபோது மொடலிஸ்ட் நீடிக்கவில்லை. அவரது இடத்தில் ரஸ்ஸல் பாட்டிஸ்ட் ஜூனியர் வாசித்தார். 1994 இல் நோசென்டெல்லியும் விலகியபின், "ஃபங்கி மீட்டர்ஸ்" என்னும் பெயரில் நிகழ்ச்சிகள் நடைபெற்றன. மூல உறுப்பினர் நால்வரும் 2000 இலும், 2005 நியூ ஓர்லியன்ஸ் ஜாஸ் விழாவிலும் ஒரே மேடையில் தோன்றினர். அவ்விழா நடந்த சில மாதங்களில் கத்ரீனா சூறாவளி நகரை மூழ்கடித்தது. இக்குழு பல பதிவுகளைச் செய்த சீ-செயின்ட் ஒலிப்பதிவுக் கூடமும் அவ்வெள்ளத்தில் பாழடைந்தது.

2018 இல் இக்குழுவுக்கு கிராமி வாழ்நாள் சாதனையாளர் விருது வழங்கப்பட்டது. அவ்வாண்டு திசம்பரில் ஓய்வை அறிவித்த ஆர்ட் நெவில், 2019 சூலை 22 அன்று தமது 81 ஆவது அகவையில் காலமானார்.

தாக்கம்

ஹிப் ஹொப் இசையில் பழைய பதிவுகளின் சிறு துண்டுகளை வெட்டியெடுத்துப் புதிய பாடலுக்கு அடித்தளமாக்கும் முறை பரவியபோது, இடைவெளி மிகுந்த மீட்டர்ஸ் பதிவுகள் அதற்கு மிகவும் ஏற்றவையாக அமைந்தன. பப்ளிக் எனிமி முதலிய குழுவினர் இவற்றைப் பயன்படுத்தினர். 2005 இல் பெருவெற்றி பெற்ற அமெரியின் "ஒன் திங்" பாடல், மீட்டர்ஸ் வாசித்த "ஓ, கல்கட்டா!" என்னும் இசைத்துண்டின் மீது கட்டப்பட்டதாகும். இவ்வாறு, குழுவின் பெயரை அறியாத தலைமுறையினரும் அதன் தாளத்தைக் கேட்டே வளர்ந்தனர்.

இசைத்தொகுப்புகள்

த மீட்டர்ஸ் (1969)
லுக்-கா பை பை (1970)
ஸ்ட்ரட்டின் (1970)
கேபேஜ் ஆலி (1972)
ரிஜூவனேஷன் (1974)
ஃபயர் ஆன் த பேயூ (1975)
டிரிக் பேக் (1976)
நியூ டைரக்ஷன்ஸ் (1977)