இலவசத்தின் விலை: மகிழுந்து வழிகாட்டிக் கருவியின் வரலாறு



மகிழுந்தின் முன்கண்ணாடியில் ஒட்டி வைக்கப்பட்டு, "இருநூறு மீட்டரில் இடப்பக்கம் திரும்புக" என்று குரல் கொடுத்த சிறு பெட்டியை இன்றைய தொடக்கப்பள்ளி மாணவர்களுள் பலர் கண்டதில்லை. அவர்களுக்கு வழிகாட்டி என்றால் கைப்பேசிதான். அதுவும் காசு கொடுக்காமல் கிடைப்பது. ஒரு பொருள் இலவசமாகக் கிடைக்கும்போது அதன் விலையைச் செலுத்துபவர் யார்? இந்த வினாவை மாணவர்களிடம் எழுப்ப அச்சிறு பெட்டியின் வரலாறு மிகவும் பொருத்தமானது.

மகிழுந்துக்கு வழிகாட்டும் முயற்சி, துணைக்கோள வசதி பொதுமக்களை எட்டுவதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. 1981-இல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம், வண்டி திரும்பும் திசையையும் கடந்த தொலைவையும் அளந்து, ஒளிபுகும் வரைபடத் தாளில் இருப்பிடத்தைக் காட்டும் கருவியை வெளியிட்டது. 1985-இல் கலிபோர்னியாவில் தோன்றிய 'ஈடாக்' என்னும் கருவி, வரைபடங்களை ஒலிநாடாப் பேழைகளில் சேமித்து வைத்தது. பசிபிக் தீவு மாலுமிகள் கடலில் வழி கணிக்கும் முறைக்கு வழங்கிய சொல்லே அதற்குப் பெயராயிற்று.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1973-இல் ஜி.பி.எஸ். திட்டத்தைத் தொடங்கி, 1978-இல் அதன் முதல் துணைக்கோளத்தை ஏவியது. 1983 செப்டம்பரில், தடம் மாறிச் சோவியத் வான்வெளிக்குள் நுழைந்த கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். அதன் பின்னர், இவ்வசதி பொதுமக்களுக்கும் வழங்கப்படும் என அதிபர் ரீகனின் அரசு அறிவித்தது. ஆயினும் பொதுமக்களுக்கான சமிக்ஞையின் துல்லியம் வேண்டுமென்றே குறைக்கப்பட்டிருந்தது. நூறு மீட்டர் வரை பிழை நேரலாம் என்றால், வண்டி நெடுஞ்சாலையில் ஓடுகிறதா, அருகிலுள்ள சிறுசாலையில் ஓடுகிறதா என்பதே தெரியாது. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. மகிழுந்துக் கருவிகளின் பொற்காலத்திற்கு வழி திறந்தது அன்றுதான். இந்தச் சமிக்ஞைக்கு நாம் கட்டணம் செலுத்துவதில்லை. அமெரிக்க மக்களின் வரிப்பணம் அதனைச் செலுத்துகிறது. இஃது இலவசத்தின் முதல் வகை.

நெதர்லாந்தின் டாம்டாம் நிறுவனம் 2004-இல் 'கோ' கருவியை வெளியிட்டது. அமெரிக்காவின் கார்மின் நிறுவனம் 2008-இல் ஈட்டிய மொத்த விற்பனை வருமானம் ஏறத்தாழ 349 கோடி அமெரிக்க டாலர். அதில் பெரும்பகுதி மகிழுந்துக் கருவிகளால் வந்தது.

ஆனால் அக்கருவியின் உயிர் அதன் வரைபடத்தில் இருந்தது. எந்தச் சாலை ஒருவழி, எங்கே வலப்பக்கம் திரும்பக் கூடாது என்பதையெல்லாம் வண்டியில் சென்று ஒவ்வொன்றாகப் பதிய வேண்டும். உலக அளவில் இப்பணியில் முன்னின்றவை நாவ்டெக், டெலி அட்லஸ் என்னும் இரு நிறுவனங்களே. 2008-இல் டாம்டாம் 290 கோடி யூரோவுக்கு டெலி அட்லஸை வாங்கியது. அதே ஆண்டில் நோக்கியா 810 கோடி டாலருக்கு நாவ்டெக்கை வாங்கி முடித்தது. வரைபடத்தை உடைமையாக்கிக் கொண்டவரே சந்தையை ஆள்வர் என்று இரு நிறுவனங்களும் கணக்கிட்டன.

இதற்கிடையே கூகுள் தன் வண்டிகளை அனுப்பித் தானே வரைபடம் உருவாக்கிக் கொண்டிருந்தது. 2009 அக்டோபரில் அமெரிக்காவுக்கு டெலி அட்லஸின் தரவைப் பயன்படுத்துவதை நிறுத்திக் கொண்டது. அம்மாதம் 28-ஆம் நாள், திருப்பத்துக்குத் திருப்பம் குரலில் வழிகாட்டும் சேவையைக் கைப்பேசியில் இலவசமாக அறிவித்தது. தொடக்கத்தில் அஃது அமெரிக்காவில் மட்டுமே கிடைத்தது. இருப்பினும் அன்று ஒரே நாளில் கார்மின், டாம்டாம் ஆகியவற்றின் பங்கு விலைகள் கடுமையாகச் சரிந்தன. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் டாம்டாம் தன் ஐபோன் செயலியை அமெரிக்காவில் 99.99 டாலருக்கு விற்கத் தொடங்கியிருந்தது. 2010 சனவரியில் நோக்கியாவும் தன் வழிகாட்டியை இலவசமாக்கியது. 2015-இல் தன் வரைபடப் பிரிவை ஜெர்மானிய மகிழுந்து நிறுவனங்கள் மூன்றுக்கு அது விற்றபோது அதற்கு இடப்பட்ட மதிப்பு 280 கோடி யூரோ மட்டுமே.

நம் வட்டாரத்தில் வேறொரு வகை இலவசமும் வளர்ந்தது. மலேசிய, சிங்கப்பூர்த் தன்னார்வலர்கள் தங்கள் பயணத் தடங்களைப் பதிந்து, ஒன்றுசேர்த்து, கார்மின் கருவிகளுக்கான வரைபடத்தை உருவாக்கி 'மால்சிங்மேப்ஸ்' என்னும் பெயரில் கட்டணமின்றி வழங்கினர். இங்கே விலை என்பது மனிதரின் ஓய்வு நேரம். கொடுப்பவர் தாம் எதைக் கொடுக்கிறோம் என்று அறிந்தே கொடுத்தார். இஃது இரண்டாம் வகை.

மூன்றாம் வகையே நாம் கவனிக்க வேண்டியது. கூகுள் தன் வழிகாட்டியை அறிவிப்பதற்கு முன்பே, 2009 ஆகஸ்டில், கைப்பேசிகள் நகரும் வேகத்தைத் திரட்டிப் போக்குவரத்து நெரிசலைக் கணிக்கத் தொடங்கிவிட்டது. இஸ்ரேலில் பிறந்த வேஸ் செயலி ஓட்டுநர்களின் தரவைக் கொண்டு வளர்ந்தது; 2013-இல் கூகுள் அதனையும் வாங்கியது. பெருநாள் காலத்தில் நெடுஞ்சாலையில் தோன்றும் சிவப்புக் கோட்டை வரைபவர், அந்நெரிசலில் சிக்கியிருக்கும் நாமே. நாம் பயணி மட்டுமல்லர். ஊதியம் பெறாத நில அளவையாளரும் ஆவோம். விளம்பரதாரர் தரும் பணமோ நிறுவனத்தைச் சேர்கிறது.

இதனால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. நெரிசலை உடனுக்குடன் அறியும் ஆற்றல் அந்தப் பழைய பெட்டிகளுள் பெரும்பாலானவற்றுக்கு இருந்ததில்லை. தோற்றவர்களும் அழிந்துவிடவில்லை. கைக்கடிகாரம், விமானம், கடற்கலம் ஆகியவற்றுக்கான கருவிகளில் ஊன்றிய கார்மின், 2024-இல் ஏறத்தாழ 630 கோடி டாலர் வருமானம் ஈட்டியது. டாம்டாம் வரைபடத் தரவை விற்கும் நிறுவனமாக மாறியது. ஆயினும் ஒன்று நம்மை அறியாமலே மாறிவிட்டது. பெட்டிக்கு ஒருமுறை பணம் கொடுத்தோம். அதனோடு கணக்கு முடிந்தது. இலவசச் செயலியிலோ கணக்கு நாள்தோறும் தொடர்கிறது. பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடும் நேரமும் துணைப்பாட வகுப்புக்குச் செல்லும் வழியும் அக்கணக்கில் சேரக்கூடியவை.

எனவே, பெற்றோர் தங்கள் கைப்பேசியின் இருப்பிட வரலாற்று அமைப்பைப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒருமுறை திறந்து பாருங்கள். அதனை நிறுத்தவோ அழிக்கவோ இயலும் என்பதையும் காட்டுங்கள். ஆசிரியர்கள் வகுப்பில் 'இலவசம்' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அதன்கீழ் வரி, உழைப்பு, தரவு என்று மூன்று கட்டங்கள் வரையலாம். தாங்கள் இலவசமாகப் பயன்படுத்தும் ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் அடங்கும் என்று மாணவர்களே எழுதட்டும். பள்ளிப் பாடநூலிலிருந்து தொடங்கினால் அவர்களுக்கு எளிதாக இருக்கும்.