பட்டியலில் இல்லாத வலி

தமிழில் ‘பொம்பளைச் சீக்கு’ என்று ஒரு சொல் இருக்கிறது. ஆம்பளைக்கு வருகிற பால்வினை நோய்க்குத்தான் அந்தப் பேர். சீக்கில் படுத்தவன் அவன், பழி மட்டும் அவளுக்கு. இந்தச் சொல்லை மனசில் வைத்துக்கொண்டு, அமெரிக்காவில் எய்ட்ஸுக்கு இலக்கணம் எழுதின கதையைப் படித்தால் வேறொரு கூத்து தெரியவரும். அங்கே அந்த இலக்கணத்துக்குள் பெண்ணே இல்லை. எச்.ஐ.வி.யால் பெண் செத்தாள், ஆனால் எய்ட்ஸால் செத்ததாகக் கணக்கு எழுதலை.

1981 ஜூன் 5 அன்று அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., தன் வாராந்தர அறிக்கையில் லாஸ் ஏஞ்சலஸ் இளைஞர்கள் ஐந்து பேருக்கு வந்த அபூர்வமான நிமோனியாவைப் பற்றி எழுதியது. ஐந்து பேரும் தன்பால் ஈர்ப்புள்ள ஆண்கள். 1982இல் நோய்க்கு எய்ட்ஸ் என்று பேர் வைத்தார்கள். எந்தெந்த நோய் வந்தால் அது எய்ட்ஸ் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். பெரும்பாலும் ஆண்களின் உடம்பைப் பார்த்துப் போட்ட பட்டியல் அது. 1985இலும் 1987இலும் அதைத் திருத்தினார்கள். அப்போதும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் உள்ளே வரலை. கர்ப்பப்பையிலும் கருக்குழாயிலும் கிருமி தொற்றி, அடிவயிற்றைப் பிடித்து இழுக்கிற அழற்சி வரலை. மாத்திரைக்கு அடங்காமல் திரும்பத் திரும்ப வருகிற பிறப்புறுப்புக் காளான் தொற்று வரலை.

பட்டியல் என்பது வெறும் காகிதம் இல்லை. வேலை செய்ய முடியாமல் போனவர்களுக்கு அரசு கொடுக்கிற உதவித்தொகை அந்தப் பட்டியலை வைத்துத்தான் கிடைத்தது. பட்டியலில் உள்ள நோய் இருந்தால் பணம், வீடு, பராமரிப்பு. இல்லையென்றால் ‘நீ நோயாளி இல்லை, வேலைக்குப் போ’. அப்போது அங்கே எய்ட்ஸ் என்று பதிவான கொஞ்சநஞ்சப் பெண்களிலேயே முக்கால்வாசிப் பேர் கறுப்பினப் பெண்களும் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்களும்தான். பதிவாகாமலே போனவர்கள் யார் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

கறுப்பினப் பெண்ணின் வலியை வலியாக எண்ணாத பழக்கம் எய்ட்ஸோடு வந்ததல்ல. 1845இலிருந்து 1849 வரை அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரியில் ஜே. மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் அடிமைப் பெண்களின் பிறப்புறுப்பில் மயக்க மருந்தில்லாமல் திரும்பத் திரும்ப அறுவை செய்து பழகினார். அனார்கா, பெட்சி, லூசி என்று மூன்று பேருடைய பெயர்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. அனார்கா ஒருத்திக்கு மட்டும் முப்பது தடவை போல. 1846இலேயே ஈதர் மயக்க மருந்து உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் கத்தி நிற்கலை. ‘பெண் மருத்துவத்தின் தந்தை’ என்று சிம்ஸுக்குச் சிலை வைத்தார்கள். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இருந்த சிலையை 2018இல்தான் எடுத்தார்கள். இது நமக்குப் புரியாத சங்கதி ஒண்ணும் இல்லை. நடவுக்குக் குனிந்த சேரிப் பெண் இடுப்பு வலிக்குது என்று நிமிர்ந்தால் வரப்பில் நிற்கிறவன் என்ன சொல்வான் என்று தெரியாதவர்களா நாம்? உழைக்கிற உடம்புக்கு வலி தெரியாது என்பது ஆண்டைகள் எல்லா நாட்டிலும் கண்டுபிடித்து வைத்திருக்கிற மருத்துவம்.

பட்டியலை உடைத்தவர்கள் மருத்துவர்கள் இல்லை. நியூயார்க் மாநிலத்தில் பெட்ஃபோர்டு ஹில்ஸ் என்ற பெண்கள் சிறை. 1988இல் அந்த மாநிலச் சிறைகளுக்கு வந்த பெண்களைப் பெயர் குறிக்காமல் சோதித்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தது. உள்ளே பயம். யாரும் யார் தட்டையும் தொடுவதில்லை. அந்தச் சமயத்தில் கைதிகளே கூடி ‘ஏ.சி.ஈ.’ என்று ஒரு அமைப்பு கட்டினார்கள். நோயைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது, படுத்தவளைக் கழுவித் துடைப்பது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது, இதுதான் வேலை. கட்டினவர்களில் ஒருத்தி காட்ரினா ஹாஸ்லிப். கறுப்பினப் பெண், இஸ்லாத்தைத் தழுவியவர், சிறை நூலகத்தில் சட்டம் படித்து மற்ற கைதிகளுக்கு மனு எழுதிக் கொடுத்தவர். அவருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. எங்கே வலிக்குது என்று பெண்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டபோதுதான் ஒரே மாதிரி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு பலர் இருப்பது தெரிந்தது. மருத்துவ இதழ்களுக்கு முன்னால் அந்த அறிவு சிறைக் கொட்டடியில் இருந்தது என்றுதான் நான் சொல்வேன்.

1990இல் தெரசா மெக்கவர்ன் என்ற வழக்கறிஞர், உதவித்தொகை மறுக்கப்பட்டவர்கள் சார்பில் அரசின் மேல் வழக்குப் போட்டார். அக்டோபரில் வாஷிங்டனில் சுகாதாரத் துறை முன்னால் ஆர்ப்பாட்டம். ஹாஸ்லிப் சிறையிலிருந்து வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. நியூயார்க்கைத் தாண்டினால் பரோல் விதியை மீறினதாகும். மீறிப் போனார். பெண்ணுக்கு எய்ட்ஸ் வருவதில்லை, அவள் அதனால் சாக மட்டும் செய்கிறாள் என்ற பொருளில் ‘ஆக்ட் அப்’ இயக்கத்தார் சுவரொட்டி ஒட்டினார்கள். சி.டி.சி. சுலபத்தில் இறங்கி வரலை. ரத்தத்தில் சி.டி.4 அணுக்கள் 200க்குக் கீழே போனால் எய்ட்ஸ் என்று மட்டும் சேர்த்துக்கொள்கிறோம், அது போதும் என்றது. ரத்தப் பரிசோதனைக்கே வழியில்லாத ஏழைப் பெண் என்ன செய்வாள் என்று பெண்கள் திருப்பிக் கேட்டார்கள். கடைசியில் சி.டி.4 எண்ணிக்கையோடு நுரையீரல் காசநோய், திரும்பத் திரும்ப வரும் நிமோனியா, முற்றிய கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மூன்றும் சேர்ந்தன. 1993 ஜனவரி 1 முதல் நடைமுறை. ஹாஸ்லிப் 1992 டிசம்பர் 2 அன்று இறந்துபோனார். வயது 33. முப்பது நாள் வித்தியாசம்.

1993இல் அமெரிக்காவில் பதிவான எய்ட்ஸ் நோயாளிகள் எண்ணிக்கை முந்தின வருஷத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேலே போனது. ஆண்களில் 105 சதவிகிதம் கூடியது, பெண்களில் 151 சதவிகிதம். ஒரே வருஷத்தில் நோய் அப்படிப் பரவிவிடவில்லை. எண்ணுகிற முறைதான் மாறியது. அடிவயிற்று அழற்சி மட்டும் அப்போதும் அந்தப் பட்டியலில் ஏறவில்லை. எச்.ஐ.வி.யோடு வரக்கூடிய உபாதைகள் என்று அதற்குக் கீழ்த்தட்டில் ஓர் இடம் கொடுத்தார்கள்.

சரி, எண்ணியாச்சு. வலி தீர்ந்ததா? 1996இல் வில்லியம் பிரெய்ட்பார்ட் என்ற மனநல மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் நியூயார்க்கில் எய்ட்ஸோடு நடமாடிக்கொண்டிருந்தவர்களிடம் வலியைப் பற்றி விசாரித்து எழுதினார்கள். 366 பேரில் 226 பேருக்கு அடிக்கடியோ விடாமலோ வலி. பெண்களும் வெள்ளையரல்லாதவர்களும் சொன்ன வலியின் கடுமை அதிகம். வலி இருந்தவர்களில் 85 சதவிகிதத்துக்குக் கிட்ட, வலிக்கு ஏற்ற மருந்து கிடைக்கலை. கடுமையான வலி என்று சொன்ன 110 பேரில் மார்ஃபின் போன்ற வலுவான மருந்து கிடைத்தவர்கள் 8 சதவிகிதத்துக்கும் கம்மி. யாருக்கு மருந்து குறைந்தது என்று பிரித்துப் பார்த்தார்கள். பெண்கள், படிப்புக் குறைந்தவர்கள், போதை ஊசி மூலம் நோய் வந்தவர்கள். அதாவது அதிகமாக வலிக்குது என்று சொன்னவளுக்குக் குறைவான மருந்து. பெண்ணின் நரம்பு வேறு, ஹார்மோன் வேறு என்று வலியின் வித்தியாசத்துக்குக் காரணம் சொல்கிற ஆய்வுகள் உண்டு. அதைத் தள்ளிவிடச் சொல்லலை. ஆனால் மருந்துச் சீட்டு எழுதுகிற கை சுருங்கினதற்கு ஹார்மோன் எப்படிக் காரணமாகும்?

நம் பக்கம் கதை தலைகீழ். 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழில் செய்த பெண்களின் ரத்தத்தைச் சோதித்தபோது இந்தியாவில் முதல்முதலாக எச்.ஐ.வி. தெரியவந்தது. ஆறு பெண்கள். இங்கே பெண்தான் பட்டியலின் முதல் பேர். ஆனால் நோயாளியாக இல்லை, நோயைப் பரப்புகிறவளாக. ‘பொம்பளைச் சீக்கு’ என்ற சொல்லுக்கு ஆய்வகச் சான்றிதழ் கிடைத்தது போல ஆயிற்று. அந்த நிர்மலாவையோ சாலமனையோ குற்றம் சொல்லலை. அவர்கள் தேடாமல் இருந்திருந்தால் இன்னும் பல வருஷம் போயிருக்கும். ரத்தத்தில் கிருமி இருக்குது என்ற ஒரே காரணத்துக்காகத் தண்டனைக் காலம் முடிந்த பெண்களையும் காப்பகத்துக்குள்ளேயே பூட்டி வைத்தது அரசு. 1990இல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. வெளியே வந்தவர்களுக்குக் கையில் மருந்து கிடையாது. அரசு இலவச மருந்து 2004 ஏப்ரலில்தான் வந்தது. அந்தக் கூட்டு மருந்தில் ஸ்டாவுடின் என்று ஒன்று, விலை மலிவு. பலருக்கு உள்ளங்காலில் நெருப்பை மிதித்தது போல எரிச்சல் கொடுக்கும். அதைக் கைவிடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் சொன்னது.