உயிருள்ள மூளைக்குள் போன சாயம்

அல்சைமர் நோயாளியின் மூளையில் அமிலாய்டு புரதம் படிந்திருக்கிறதா? இருபதாம் நூற்றாண்டு முடியும்வரை, இதை அறியப் பெரும்பாலும் அவர் இறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு மூளைத் திசுவை மெல்லிய சீவலாக வெட்டி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அந்தச் சாயங்களில் ஒன்று தயோஃபிளேவின்-டி. அமிலாய்டு இழைகளைப் பற்றிக்கொண்டு ஒளிரும். அதன் வழிவந்ததுதான் ‘பிட்ஸ்பர்க் காம்பவுண்டு-பி’, சுருக்கமாகப் ‘பிப்’.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவர் வில்லியம் கிளங்க், கதிரியக்க வேதியியலாளர் செஸ்டர் மேத்திஸ் இருவரும் அதை உருவாக்கினார்கள். தயோஃபிளேவின்-டிக்கு நேர்மின்னூட்டம் உண்டு. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு அதை உள்ளே விடாது. மின்னூட்டத்தை நீக்கினார்கள். உள்ளே போனால் மட்டும் போதாது, படிவு இல்லாத இடத்தை விட்டுச் சீக்கிரம் வெளியேறவும் வேண்டும். பல மூலக்கூறுகளைச் செய்து பார்த்த பிறகே இரண்டும் கைகூடின.

பிப்பில் ஏற்றிய கதிரியக்கக் கார்பன்-11, 20 நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும். சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் அந்தக் கார்பன் பிறந்த நொடியிலிருந்தே அவசரம்தான்: மூலக்கூறில் இணைக்க வேண்டும், சுத்திகரிக்க வேண்டும், தரம் சோதிக்க வேண்டும், கையின் ரத்தநாளத்தில் ஏற்ற வேண்டும். சில நிமிடங்களில் அது மூளையை எட்டும். கார்பன் உமிழும் பாசிட்ரான் ஓர் எலெக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாயும். பெட் (பாசிட்ரான் உமிழ்வுப் படமெடுப்பு) ஸ்கேனரின் வளையம் அவற்றைப் பிடித்துப் படமாக்கும்.

2002இல் ஸ்வீடனின் உப்சாலாவில் முதன்முறையாக மனிதருக்குப் பிப் செலுத்தப்பட்டது. 2004இல் ஆய்வு முடிவு வெளியானது: 16 நோயாளிகள், நோயற்றவர்கள் 9 பேர். நோயாளிகளின் மூளை முன்மடலில் ஏறக்குறைய இரு மடங்கு பிப் தங்கியிருந்தது.

அங்கிருந்து பிப் மருந்துப் பரிசோதனைகளுக்குள் நுழைந்தது. பாபினியூசுமாப் என்ற மருந்து அமிலாய்டைக் குறைப்பதை 2010இல் பிப் படங்கள் காட்டின. ஆனால் 2012இல் பெரிய பரிசோதனைகளில் நோயாளிகளின் நினைவாற்றலுக்கு அம்மருந்து உதவவில்லை. படிவு குறைவது வேறு, மனிதர் தேறுவது வேறு என்பதை இத்துறை கசப்போடு கற்றது. கூடவே இன்னொன்றும் வெளிப்பட்டது: அப்பரிசோதனைகளில் அல்சைமர் நோயாளிகள் என்று சேர்க்கப்பட்டவர்களில் கணிசமானோரின் மூளையில் அமிலாய்டே இல்லை! இல்லாத இலக்கை எந்த மருந்து தாக்கும்?

அதன்பின், அமிலாய்டு இருப்பதை உறுதிசெய்துகொண்டே ஆட்களைச் சேர்த்தார்கள். 110 நிமிட அரை ஆயுள் கொண்ட ஃபுளூரின்-18 ஏற்றிய சாயங்களும் வந்தன. 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபுளோர்பீட்டாபிர் அவற்றில் ஒன்று. பிப்பின் நேர் வாரிசான ஃபுளூட்டமெட்டமால் 2013இல் அனுமதி பெற்றது. சைக்ளோட்ரான் இல்லாத மருத்துவமனைகளுக்கும் இவற்றை அனுப்ப முடிந்தது.

இப்படி அமிலாய்டு இருப்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்களிடம் சோதித்த லெக்கானெமாப் என்ற மருந்து, 18 மாதங்களில் நோய் முற்றும் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. டொனானெமாப் என்ற மற்றொரு மருந்தின் பரிசோதனையில், படிவு நீங்கிவிட்டதென்று ஸ்கேன் காட்டியதும் மருந்தை நிறுத்தினார்கள். பலன் சிறியதுதான். மூளையில் வீக்கம், ரத்தக்கசிவு போன்ற ஆபத்துகளும் உண்டு. ஆனாலும் யாருக்குக் கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதை நோயாளி உயிரோடிருக்கும்போதே பார்த்து முடிவுசெய்ய முடிகிறது. மருந்து நல்லதா என்பதை நோயாளியின் வாழ்க்கைதான் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வியை உரிய நோயாளியிடம் கேட்க வைத்தது பிப்.