மண்ணறிந்து குழி வெட்டல்

வீடு கட்டுவோர் நிலைவாசலுக்கு நாள் பார்ப்பர். கிணற்றுக்கு நீரோட்டம் பார்ப்பர். மலசலகூடத்துக்கு மாத்திரம் வளவின் எந்த மூலை மிச்சமாய்க் கிடக்கிறதென்று பார்ப்பர். இப்புறக்கணிப்பு இலங்கைக்கு மட்டும் உரியதன்று. மனிதக் கழிவை மண் என்ன செய்கிறது என்னும் வினாவை ஐரோப்பிய விஞ்ஞானிகள் ஆராய்ந்து விடை கண்டதும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான்.

1860ஆம் ஆண்டையொட்டிப் பிரான்சு நாட்டின் வெசூல் நகரில் லூயி மூரா என்பவர், ஒரு வீட்டின் கழிவுநீரைக் கல்லாற் கட்டிய தொட்டியொன்றினுள் விட்டு, மிகைநீர் வழிந்து வேறொரு குழிக்குச் செல்லுமாறு அமைத்தார். பன்னிரண்டு ஆண்டு கழித்துத் திறந்து பார்த்தபோது, நிறைந்து கிடக்குமென எதிர்பார்த்த திண்மக் கழிவு பெரும்பாலும் கரைந்து போயிருந்தது. 1881இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1895இல் இங்கிலாந்தின் எக்செற்றர் நகரில் டொனால்ட் கமரன் இத்தகைய தாங்கியொன்றை அமைத்து, அதற்குச் 'செப்டிக்' என்னும் பெயரைச் சூட்டினார். தமிழில் அழுகற்றாங்கி எனப்படுவது இதுவே.

பெயர் பரவிய வேகத்தில் ஒரு தப்பெண்ணமும் பரவியது. தாங்கிக்குள் சென்றது தூய நீராய் வெளிவருகிறது என்பதே அது. உண்மை வேறு. தாங்கியிலே கனத்தது அடியிற் படிகிறது. எண்ணெய்ப் பசை மேலே மிதக்கிறது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் படிந்தவற்றில் ஒரு பகுதியைச் சிதைக்கின்றன. நடுவிலிருந்து வழிவதோ நோய்க்கிருமிகளும் அமோனியாவும் மலிந்த நீர். தாங்கி செய்வது பாதி வேலை. மறுபாதி மண்ணுக்கு உரியது.

மண்ணின் பங்கை 1877இல் நிறுவியவர்கள் ஷ்லோசிங், மியூன்ற்ஸ் என்னும் இரு பிரெஞ்சு விஞ்ஞானிகள். நீண்ட குழாயொன்றில் மணலையும் சுண்ணக்கற் பொடியையும் நிரப்பிக் கழிவுநீரை மெல்ல மெல்ல இறங்கவிட்டனர். ஏறக்குறைய இருபது நாள் வரை யாதொரு மாற்றமுமில்லை. அதன்பின் அமோனியா நைத்திரேற்றாக மாறி வரலாயிற்று. குளோரோபோம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றது. ஆகவே அது வெறும் இரசாயன விளைவன்று, உயிர்களின் தொழில் என்பது தெளிவாயிற்று. ஒரு குழாயும் பிடி மணலும் கொண்டு இவ்வளவு பெரிய உண்மையைக் கண்டது வியப்புக்குரியதே.

அவ்வுயிர்களுக்குக் காற்றும் வேண்டும், நேரமும் வேண்டும். களிமண்ணில் நீர் இறங்காது தேங்கும்; காற்று அற்றுப்போகும்; குழி நிரம்பி முற்றத்தில் நாறும். பருமணலில் நீர் விரைந்தோடிவிடும். நுண்ணுயிர்கள் தொழில் செய்ய நேரமிராது. இடைப்பட்ட இருவாட்டி மண்ணே உகந்தது. இவ்வேறுபாட்டை அளக்கும் எளிய முறையொன்றை 1920களில் நியூயோர்க் மாநிலத்தில் ஹென்றி றையன் வகுத்தார். சிறு குழி வெட்டி, மண்ணை நன்கு நனையவிட்டு, பின்னர் ஊற்றிய நீர் ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் செல்கிறதெனப் பார்ப்பதே அம்முறை. பல்லாண்டு பயன்பட்ட குழிகளின் அருகே இவ்வாறு அளந்து, எந்த மண்ணுக்கு எவ்வளவு பரப்பு வேண்டுமென அவர் கணித்தார்.

ஆயினும் இச்சோதனை நீர் இறங்கும் வேகத்தைச் சொல்லுமேயன்றி, இறங்கிய நீரின் தூய்மையைச் சொல்லாது. நல்ல மண்கூட அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றுகிறதேயன்றி, அந்நைத்திரேற்றைப் பிடித்து வைப்பதில்லை. அது நீரோடு நீராய்க் கீழே செல்கிறது. 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கொம்லி என்னும் மருத்துவர், நைத்திரேற்று மிகுந்த கிணற்று நீரிற் கரைத்த பால் குடித்த கைக்குழந்தைகளின் உடல் நீலம் பாய்ந்ததை எடுத்துக்காட்டினார்.

இவ்வரலாறு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு நேரே பொருந்துவது. அங்கு ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை, குடிநீர் நெடுங்காலமாகக் கிணற்றையே நம்பியது. மேலே பல இடங்களில் மெல்லிய செம்மண். அதன் கீழே மயோசீன் காலச் சுண்ணக்கல். அக்கல்லினூடே வெடிப்புகளும் பொந்துகளும் ஓடுகின்றன. அடியில்லாக் கிணறென மக்கள் கதை சொல்லும் நிலாவரை அத்தகைய பொந்தொன்றே. செம்மண்ணைத் துளைத்துக் கல்லிலே உறிஞ்சுகுழி வெட்டுபவர், நீர் உடனே மறைவதைக் கண்டு, 'நல்ல குழி' என மகிழ்கிறார். மறைந்த நீர் மண்ணைக் காணாமலே கிணற்றூற்றைச் சென்று சேரக்கூடும். 1980களில் நடந்த ஆய்வுகள் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று ஏற்ற அளவை மிஞ்சியிருப்பதைக் காட்டின. தோட்டங்களுக்கு இட்ட உரமும் இக்குழிகளும் இரண்டுமே அதற்குக் காரணமாயின.

இத்தகைய நிலத்துக்கு ஆழக்குழி ஆகாது. அமெரிக்காவில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தார் 1970களில் வெடிப்புப் பாறை நிலங்களுக்கென ஒரு வழியைச் செம்மைப்படுத்தினர். நிலத்துக்கு மேலே மணல் மேடமைத்து, தாங்கி நீரை அம்மேட்டினூடே சிறுகச் சிறுக வடியவிடுவதே அது. கிருமிகள் பெரிதும் மணலிலே தங்கிவிடும். நைத்திரேற்று முற்றாய் நீங்காது. இடமில்லாத சிறு வளவிலே அடிவரை சீமெந்து பூசி மூடிய தாங்கி கட்டி, பவுசர் கொண்டு காலத்துக்குக் காலம் இறைப்பிப்பதே எஞ்சும் வழி. செலவு கூடியதுதான்.

கிணற்றுக்கும் குழிக்கும் இடையே இத்தனை அடி விடவேண்டுமென்னும் விதியும் உண்டு. மணல் நிலத்தில் அது பொருள் பொதிந்தது. சுண்ணக்கல் வெடிப்பிலோ அடிக்கணக்குக்கு அவ்வளவு பெறுமதியில்லை. அன்றியும் வீட்டுக்காரர் தம் வளவுக்குள்ளேதான் அளக்கிறார், வேலிக்கு அப்பால் அயலவர் குழி எங்கேயென்று கேட்பவர் அரியர்.