மருத்துவச்சி ஆயாவின் பெயர்



அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் குடும்ப மரம் வரைந்து வருமாறு கூறியிருந்தேன். ஒரு மாணவி கொணர்ந்த தாளில் தந்தைவழிக் கிளை ஐந்து தலைமுறை ஏறிக் கங்காணி ஒருவரிடம் சென்று முடிந்தது. தாய்வழிக் கிளையோ பாட்டியோடு நின்றுவிட்டது. அதற்கு மேலிருந்த கட்டத்தில் 'மருத்துவச்சி ஆயா' என்று மட்டும் எழுதியிருந்தாள். பெயர் என்னவென்று வினவினேன். வீட்டில் எவருக்கும் தெரியாதாம்.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் நெடுங்காலம் பிள்ளைப்பேறு பார்த்த அம்மையாருக்குப் பெயரில்லை! எத்தனை பேர் அவர் கையில் பிறந்திருப்பர்! எனக்கு உறக்கம் வரவில்லை.

பேராக்கில் இரப்பர் முதன்முதலில் வேரூன்றியது 1877இல், கோலகங்சாரில். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி உருவானபின், தொழிலாளரின் பயணச் செலவை அந்நிதி ஏற்றது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியோர் பல்லாயிரவர். 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தும் கங்காணி முறை 1938 வரை நீடித்தது. ஆயா வந்தது 1920களின் இறுதியில், இளம் மணமகளாக என்பது குடும்பத்தார் கணக்கு. கணவர் 1943இல் சயாம் இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டார், திரும்பவில்லை. அப்போது மாணவியின் பாட்டி இரண்டு வயதுக் குழந்தை.

அமெரிக்க மேற்கு எல்லைப்புறத்தில் காடு திருத்தி வாழ்ந்த பெண்களின் வழித்தோன்றல்களும் இவ்வாறே தேடி அலைகின்றனர். அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கில் 1850க்கு முன்னர்க் குடும்பத் தலைவரின் பெயரை மட்டுமே எழுதினர். மனைவியும் மக்களும் வெறும் எண்ணிக்கை. நம் தோட்டப் பெண்ணின் நிலை வேறு. அவள் தானே கூலி வாங்கியவள். 1920களின் இறுதியில் ஆணுக்கு 50 காசு என்றால் அவளுக்கு 40 காசு, அநீதிதான். எனினும் விடியற்காலைப் பெரட்டில் அவளைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். செக்ரோலில் அவள் பெயரிலேயே வேலைநாள் பதிந்தார்கள். ஏட்டில் இருந்த பெயர் வீட்டில் மறைந்தது எப்படி?

ஏடுகள் போன வழி தெரிந்ததே. 1950கள் தொடங்கித் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன; அந்தத் தோட்டம் இன்று செம்பனைக் காடு. வீட்டிலோ மருமகள் மாமியார் பெயரை வாயால் சொல்லமாட்டாள். பிள்ளைகளுக்கு அவர் அம்மா, பேரப்பிள்ளைகளுக்கு ஆயா, தோட்டத்தார்க்கு மருத்துவச்சி. மதிப்புக் கூடக் கூடப் பெயர் தேய்ந்தது.

இவ்விடத்தில்தான் ஒரு வழி புலப்பட்டது. மகனுக்குப் பிறந்த மூத்த பெண்ணுக்குத் தந்தைவழிப் பாட்டியின் பெயரிடுவது நம் வழக்கம். மருமகள் அப்பெயரைச் சொல்ல முடியாததால் குழந்தையைச் செல்லப் பெயரிட்டு அழைப்பாள். ஆயாவின் மகனுக்கு மகள் உண்டா என்று மாணவியின் தாயாரிடம் கேட்டேன்.

"இருக்காங்க சார், பாப்பா அக்கா. இங்கதான், குனோங் ராபாட்லயே."

எழுபது வயதைத் தாண்டிய 'பாப்பா'வின் அடையாள அட்டையில் வேறொரு பெயர் இருந்தது. அதை எவரும் அழைத்ததில்லை என்று அவரே சிரித்தார். பின்னர், 1941ஆம் ஆண்டுக்குரிய மாணவியின் பாட்டியின் பிறப்புப் பத்திரத்தைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்தார்கள். தாயார் பெயர் என்ற இடத்தில் அதே பெயர்! கிராணியார் தம் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதியதால் ஓரெழுத்து மட்டும் குறைந்திருந்தது. (குடும்பத்தார் பொருட்டு அப்பெயரை இங்கு எழுதவில்லை.) பெற்றோர்களே, பழைய பிறப்புப் பத்திரங்களைக் கறையானுக்கு விட்டுவிடாதீர்கள். அடையாள அட்டையில் தந்தை பெயர் மட்டுமே தொடரும். தாயின் பெயர் நிற்பது பிறப்புப் பத்திரத்தில்தான்.

மாணவி கட்டத்தில் பெயரை எழுதினாள். எழுதிவிட்டு, அதற்கும் மேலே இன்னொரு வெற்றுக் கட்டம் வரைந்தாள். ஆயாவின் ஊர் முசிறிப் பக்கம் என்று பாப்பா அம்மையார் சொல்கிறார். குலதெய்வம் எதுவென்று அடுத்த வாரம் கேட்கவிருக்கிறோம்.